பழைய வேனைப் பழுதறிந்து பேணுவோம்



அரிசி மூட்டையில் குத்தூசியைப் போட்டு, நாலு மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. துவரம்பருப்பைக் கடித்துப் பார்க்கிறோம். புளியைப் பிட்டுப் பார்க்கிறோம். கண்ணால் பார்க்காத சரக்குக்கு ஒரு பைசா முன்பணம் தர மாட்டோம். ஆனால் சரக்கு ஏற்றும் வண்டி மக்கர் செய்தால் மட்டும், சாவியை மெக்கானிக்கிடம் நீட்டி, "என்னன்னு பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். மாலையில் வரும் சிட்டையைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு படபடக்கிறது.

வண்டி நின்றால் நமக்குப் போவது பழுதுபார்க்கும் கூலி மட்டுமல்ல. அன்றைய கொள்முதல் போகிறது. "நாளைக்கு வாங்க" என்று சொல்லியனுப்பிய வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுகிறார். ஆகவே பழைய வண்டியின் பழுதை அறிவதும், அது வராமல் காப்பதும் வியாபாரப் பாடத்தில் ஒரு பகுதியே ஆகும். நாமே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்பதில்லை. நோய் இன்னது என்று ஓரளவு தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

மளிகைக்காரர்களிடம் அதிகம் காணப்படும் வண்டி ஆம்னி. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 1988 முதல் ஆம்னி என்று அழைக்கப்பட்ட வண்டி இது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். அந்த எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே இன்று ஓடும் ஆம்னி எல்லாமே பழைய வண்டிதான். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

மூன்று விதிகள்

முதல் விதி: குறியைச் சரியாகச் சொல்ல வேண்டும். "வண்டி சரியில்லை" என்பது குறியல்ல. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? காலியாகப் போகும்போதா, சுமையோடு மேடு ஏறும்போதா? மழை நாளிலா? எந்த வேகத்தில்? இவற்றுக்குப் பதில் சொன்னால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

இரண்டாம் விதி: காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். பார்ப்பது, தொடுவது, முகர்வது, துடைப்பது, முறுக்குவது ஆகியவை முடிந்த பிறகே பொருள் வாங்கும் பேச்சு.

மூன்றாம் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலு பொருளை ஒரே நாளில் மாற்றினால், பழுது எதில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி நாலையும் மாற்ற நேரும்.

நம் மண்டிக்குச் சரக்கெடுக்க வரும் ஒரு மளிகை வியாபாரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவருடைய வேன் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. புது பேட்டரி போட்டார்கள். பத்து நாளில் மறுபடி அதே தொல்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதுப்பித்தார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் மூன்றாம் முறையாக நின்றது. "ஆல்டர்னேட்டரை மாத்திடலாம் முதலாளி" என்றார் மெக்கானிக். கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். துரு பிடித்த அந்த ஒரு போல்ட்டுதான் அத்தனைக்கும் காரணம். செலவான பணத்தைவிட, பொங்கல் வாரத்தில் மூன்று நாள் வண்டி இல்லாமல் வாடகை ஆட்டோவுக்கு அலைந்ததுதான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

செல்ஃப் எடுக்காத வண்டி

முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால் பேட்டரியோ அதன் இணைப்புகளோ காரணம். விளக்கு மங்காமல் இருந்து, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார், அதன் சுவிட்ச், அதற்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். கரண்ட் பிளக்குக்கு வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, அல்லது பெல்ட் வழுக்குகிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரியே வெந்துவிடும்.

எர்த்தையும் இதே மீட்டரில் பார்க்கலாம். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கொம்பிலும், மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. மேலே சொன்ன நண்பருக்கு இந்த ஒரு நிமிடச் சோதனை போதுமாயிருந்திருக்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிவிடுங்கள்.

திணறலும் மிஸ்ஸிங்கும்

சுமை ஏற்றியதும் இழுவை இல்லை, வண்டி உதறுகிறது என்றால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அடுத்து மூன்று பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்று வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. ஆயில் நனைந்திருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துச் சுட்டது போலிருந்தால் எஞ்சின் மிகச் சூடாகிறது, அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது. மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பழுது பொதுவானது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரில்தான் தேட வேண்டும். எஞ்சின் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், அதற்கு முன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் பிரிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் சற்றுக் குறைவதை எல்லாம் எஞ்சின் பழுது என்று எண்ண வேண்டாம். ஆனால் எத்தனால் நீரை இழுக்கும் தன்மையுடையது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கட்டுகளையும் கெடுக்கக்கூடியது. பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். எஞ்சின் நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, இறங்கிவிட வேண்டும். "கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டுவது தீயோடு விளையாடுவதாகும். வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு எரிவாயு ஏற்றுவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, உயிருக்கே உலை.

சூடு ஏறுதல்

சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் சுமையோடு போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

நம்மவர் செய்யும் இரண்டு காரியங்களை நிறுத்த வேண்டும். ஒன்று, போர் தண்ணீர் ஊற்றுவது. டீ பாய்லரில் உப்புப் படிவதைப் பார்க்கிறோமே, அதே படிவுதான் ரேடியேட்டரின் குழாய்களையும் அடைக்கும். கூலண்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். மற்றொன்று, சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதானால் புதிது போட வேண்டும்.

வெளியே ஒழுகல் இல்லாமல் கூலண்ட் குறைகிறது, ஆயில் பால் கலந்த காப்பி போலிருக்கிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த நிலையில் ஓட்டினால் சில ஆயிரத்தில் முடிவது எஞ்சின் விலையில் போய் நிற்கும்.

புகையும் ஆயிலும்

காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை நீராவிதான், பயமில்லை. கறும்புகை என்றால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவு பாருங்கள். எந்தத் தரமான ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதை வண்டிக் கையேட்டின்படி செய்யுங்கள். குறைந்த ஓட்டமுள்ள வண்டியானாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது சத்தமில்லாமல் தேயும். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். பழைய வண்டி வாங்கியவர்கள், அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவது நல்லது.

பிரேக்கும் டயரும்

இதுவரை சொன்னவற்றில் சிக்கனம் பார்க்கலாம். இங்கே கூடாது. வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் நம் மகன் அல்லது நம்மை நம்பி வந்த கடைப் பையன் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரேக் மிதி பஞ்சு போல் அமுங்கினால் ஏர் பிடித்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பழுது, அல்லது எங்கோ கசிவு. ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடியில் எழுதியுள்ள வகையைத் தவிர வேறு எந்த எண்ணெயும் அதில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. ரப்பர் ஊறிப் பிரேக் பிடிக்காமல் போகும்.

டயரின் பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, அல்லது அதிகச் சுமை. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரத்தில் செய்தது. பழைய டயரைப் புதிது என்று விற்பவரிடம் இதைக் காட்டிப் பேசலாம்.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கிறது. அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்து, ஓட்டுநர், உடன் வருபவர் எடையையும் கழித்தால் மிஞ்சுவதே சரக்குக்கு. அதை 25 கிலோவால் வகுத்து, "இத்தனை மூட்டை" என்று கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். தராசில் கிராம் பிசகாமல் நிறுக்கும் நாம், வண்டியில் மட்டும் கண்மதிப்பில் ஏற்றலாமா?

மளிகைச் சரக்கால் வரும் கேடு

மற்றவர் வண்டிக்கு இல்லாத சில நோய்கள் நம் வண்டிக்கு உண்டு. உப்பு மூட்டையும் கருவாடும் ஏற்றினால் தரைத்தகடு துருப்பிடிக்கும். அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, மேட்டைத் தூக்கிக் காயவிடுங்கள். தள்ளுகதவின் தண்டவாளத்தில் வெல்லமும் சர்க்கரையும் ஒட்டினால் கதவு இறுகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். மிளகாய்த்தூள், மாவு ஏற்றும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதற்கு முன்பாகவே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பகை எலி. சிந்திய நாலு அரிசிக்கும் புண்ணாக்குத் துண்டுக்கும் வரும் எலி வயரையும் ஹோஸையும் கடித்துவிட்டுப் போகும். காரணம் தெரியாமல் விளக்கு எரியாவிட்டாலும், ஃபியூஸ் அடிக்கடி போனாலும் முதலில் எலிக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். இரவு வண்டியை நிறுத்துமுன் கூட்டித் துடைப்பதே சிறந்த மருந்து.

வண்டிக்கு ஒரு பேரேடு

கடன்காரருக்குப் பக்கம் ஒதுக்கும் நாம் வண்டிக்கும் ஒரு நோட்டு போடுவோம். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், செய்த வேலை, கண்ட குறி என்று ஐந்து கலம் போதும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பும்போது கணக்குப் போடுங்கள். 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 15. சில மாதத்தில் அது 12 ஆனது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 80 லிட்டர் போதுமான இடத்தில் 100 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 2,000 ரூபாய் கசிகிறது. அதற்குக் காரணம் ஓர் ஏர் ஃபில்டராகவோ, காற்றுக் குறைந்த டயராகவோ, விடாமல் உரசும் பிரேக்காகவோ இருக்கலாம். நோட்டு இல்லாதவருக்கு இந்தக் கசிவு கண்ணிலேயே படாது.

பழைய உதிரிப் பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், சிட்டையில் பொருள் வேறு கூலி வேறு என்று எழுதச் சொல்வதும் மெக்கானிக்கை அவமதிப்பதாகாது. நல்ல மெக்கானிக் இதை விரும்புவார். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்ததற்குத் தரும் கூலி, தேவையில்லாத பொருளின் விலையைவிட எப்போதும் மலிவு.

வைத்திருப்பதா, விடுவதா?

ஆண்டு முடிவில் பழுது, டயர், இன்சூரன்ஸ், கட்டணம், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அதே நடைகளுக்கு வாடகை வண்டி பிடித்தால் மாதம் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். வண்டி இல்லாமல் நின்ற நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தானே பேசும். சொந்த வண்டி என்ற பாசம் அந்தப் பக்கத்தில் ஏறக்கூடாது. பின்பக்கத்துப் பட்டைகள் மாட்டும் இடத்திலோ, அடிச்சட்டத்திலோ துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் கணக்கே வேண்டாம். அந்த வண்டி சாலைக்கு உதவாது.

காகிதங்களும் கணக்கில் சேரும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரியும் உண்டு. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் வண்டி எந்த உபயோகத்துக்கு என்று இருக்கிறதோ அதற்கு மாறாக ஓட்டினால், விபத்து நேரும்போது இழப்பீடு சிக்கலாகும். இதை முகவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

விற்றால் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. கையை விட்டுப் போன வண்டிக்காகக் கோர்ட்டு ஏறும் நிலை நம்மில் யாருக்கும் வர வேண்டாம். உடைப்புக்குக் கொடுப்பதானால் அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள்.

ஞாயிறு காலை கடை திறக்குமுன் பதினைந்து நிமிடம் போதும். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பேட்டரி டெர்மினல், டயர் காற்று, ஐந்து விளக்குகள், தரையில் ஒழுகல் உண்டா என்ற பார்வை. பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். கடைப் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாளை அவரும் ஒரு கடைக்கும் ஒரு வண்டிக்கும் சொந்தக்காரர் ஆகப்போகிறவர்தான்.